மஞ்சப்பையில் இருந்த நோட்டு: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதத் தபாலில் ஒரே மனிதரைப் பற்றி ஏழு கடிதங்கள் வந்திருக்கின்றன. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் 27 ஆண்டுகள் மாற்றுத்திறனாளிகளுக்காக அலைந்த தொண்டர் ஒருவர் காலமாகிவிட்டார். பெயர் வேண்டாம் என்று வீட்டார் சொன்னதால் ஊரையும் பெயரையும் விட்டுவிட்டோம். கடிதங்களைச் சுருக்கித் தருகிறோம்.

கேள்வி: ஊனமுற்ற பிள்ளை இருக்கும் வீடெல்லாம் அவருக்குத் தெரியும். மொபெட்டில் மஞ்சப்பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் முகாம், ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் என்று பொழுது போய்விடும். அப்பேர்ப்பட்டவருக்கு பஸ் ஸ்டாண்டு முன்னால் மார்பளவு சிலை வைக்க ஊர்க்கூட்டத்தில் பேசியிருக்கிறோம். புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, 2,000 ரூபாய், மொத்தம் 150 புள்ளி. அனுமதிக்கு யாரைப் பார்ப்பது?

பதில்: யாரையும் பார்க்க வேண்டாம், கிடைக்காது. சாலை, நடைபாதை, சாலையோரம், பொதுமக்கள் புழங்கும் இடம் எதிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பஸ் ஸ்டாண்டு வாசல் அதற்குள் வந்துவிடும். அப்படியே யாரையாவது பிடித்து வைத்துவிட்டாலும், பீடம் எழும்பும் இடம் வீல்சேர் போகிற வழியாகத்தான் இருக்கும். அவருக்கு அது பொருந்தாது.

நீங்கள் போட்ட கணக்கில் 3 லட்சம் வருகிறது. நல்ல தொகை. அதைக் கலைக்காமல் வங்கியில் போட்டு வையுங்கள். என்ன செய்யலாம் என்பது பின்னால் வரும் பதில்களில் இருக்கிறது. காசு செலவில்லாத, ஆனால் நாள் தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

கேள்வி: நான் அவருடைய மகன், சென்னையில் வேலை. காரியம் முடிந்து இன்னும் 10 நாள்தான் ஊரில் இருப்பேன். அப்பச்சியின் அலமாரியில் நாலு நோட்டு, கட்டுக்கட்டாக ஜெராக்ஸ், யார் யாருடையதோ அசல் அட்டைகள். போன் இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தெரியவில்லை.

பதில்: கையிலுள்ள 10 நாளில் முதல் நாளை அசல்களைப் பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் புத்தகம், யுடிஐடி எனும் மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அட்டை, பாஸ்புக், ரேஷன் அட்டை, சிலருடைய ஏடிஎம் அட்டைகூட இருக்கலாம். ஆளுக்கு ஒரு கவர் போட்டு, மேலே பெயரும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதும் எழுதுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது தனியாக ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். அட்டைக்கு உரியவரிடமோ கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடமோதான் கொடுக்க வேண்டும். ‘நான் கொடுத்துவிடுகிறேன்’ என்று வரும் பக்கத்து வீட்டாரிடம் வேண்டாம். ஏடிஎம் அட்டையோடு ரகசிய எண் எழுதிய சீட்டு இருந்தால், எண்ணை மாற்றச் சொல்லி அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.

ஜெராக்ஸ் கட்டில், முடிவு வராத விண்ணப்பங்களின் நகலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். பழைய பேப்பர்க்காரரிடம் போட்டால் நாளைக்கு அதில் பக்கோடா மடித்துக் கொடுப்பார்கள். கிழித்து எரித்துவிடுங்கள்.

அடுத்தது போன், பலரும் கோட்டை விடுகிற இடம். இப்படித் தொண்டு செய்தவர்கள் போன் இல்லாத குடும்பங்களுக்குத் தங்கள் எண்ணையே கொடுத்திருப்பார்கள். யுடிஐடி விண்ணப்பத்தில், உதவித்தொகை வருகிற வங்கிக் கணக்கில், சில நேரம் ஆதாரிலேயே அந்த எண்தான் இருக்கும். ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குத்தான் வரும். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாவிட்டால் கம்பெனிக்காரர் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு அதே எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். யாரோ ஒருவருடைய உதவித்தொகைக் கணக்கின் ஓடிபி அவருக்குப் போய்ச் சேரும்.

அதனால் இரங்கல் செய்தி சொல்லி முடித்ததும் சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து வாரிசு பெயருக்கு எண்ணை மாற்றி, ஓராண்டுக்காவது ரீசார்ஜ் செய்து வையுங்கள். அதற்குள் ஒவ்வொருவருக்கும் எண்ணை மாற்றிவிட வேண்டும். ஆதாரில் எண் மாற்ற அவர்களையே சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் விரல் ரேகை வைக்கச் செய்யலாம். வங்கியில் கிளைக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். யுடிஐடிக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் திருத்தம் செய்யலாம். ஆதாரை முதலில் முடித்துவிட்டால் மற்றவை சுலபம்.

இனி நோட்டு. அவர் எழுதியது அவருக்கு மட்டும் புரியும்படி இருக்கும். ‘மேலத்தெரு பாத்திரக்கடை வீட்டுப் பையன், ஆடி 18’ என்று ஒரு வரி இருந்தால், ஆடிப்பெருக்குக்கு ஏதோ கொடுக்க வேண்டும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். ஆடி மாதம் அந்தப் பையனுக்கு 18 வயது முடிகிறது என்று அவர் குறித்து வைத்திருக்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 முடிந்தால், பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலர் என்று தனியாக உத்தரவு வாங்க வேண்டும். இந்தக் குறிப்புகளுக்குப் பொருள் சொல்லக்கூடியவர் உங்கள் ஆத்தாதான். அவர் பேசுகிற மனநிலைக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டுப் புது நோட்டில் எழுதுங்கள். பெயர், தெரு, வயது, குறைபாட்டின் வகை, சான்றின் சதவீதம், சான்று நிரந்தரமா தற்காலிகமா, தற்காலிகம் என்றால் முடியும் தேதி, வாங்குகிற உதவி, யார் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு போதும். சதவீதத்தை எழுதாமல் விடாதீர்கள். யுடிஐடியில் 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை அட்டை, 40-லிருந்து மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகள் 40-லிருந்துதான் தொடங்குகின்றன.

எழுதி முடித்ததும் தேதி உள்ளவற்றை மட்டும் எடுத்து ஒரு காலண்டரில் ஏற்றுங்கள். தற்காலிகச் சான்று முடிவதற்கு 2 மாதம் முன்னாலேயே குறித்துவிடுங்கள், மருத்துவக் குழுவில் நாள் கிடைக்கத் தாமதமாகும். நிராமயா மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தால் அது மார்ச் 31-ஓடு முடியும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிற திட்டம் அது. தொண்டர் இறந்த முதல் மார்ச்சில் சத்தமில்லாமல் காலாவதியாவது இதுதான். புதுப்பிக்கவில்லை என்பது அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் தெரியும்.

இன்னும் ஒன்றைக் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள். தாய் தகப்பன் இல்லாத யாருக்காவது அவர் சட்டப்படி பாதுகாவலராக இருந்தாரா? 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு கொடுத்த உத்தரவு ஏதாவது கோப்பில் இருக்கும். இருந்தால் புதிய பாதுகாவலரை நியமிக்கச் சொல்லி அதே குழுவுக்கு மனு போட வேண்டும். யாருடனாவது கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் அது உங்கள் குடும்பச் சொத்துப் பட்டியலில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலக வேலைகளுக்கு, ஊர் சிவகங்கை மாவட்டத்தில் என்றால் சிவகங்கை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். நோட்டில் ராயவரம், அரிமளம் பக்கத்து ஆட்கள் இருந்தால் அவர்களுக்குப் புதுக்கோட்டை. செட்டிநாடு நமக்கு ஒன்றுதான், அலுவலகம் இரண்டு.

கேள்வி: எங்கள் மண்டபத்தில் படத்திறப்பு வைக்கிறோம். அவர் பெயரில் சாய்தளம் ஒன்றும் கட்டித் திறந்துவிடலாம் என்று கமிட்டியில் முடிவு. வாசல் உயரம் 30 அங்குலம், 5 படி. முன்னால் 9 அடிதான் இடம் இருக்கிறது. கொத்தனார் ‘அதுக்குள்ளயே போட்டுடலாம்’ என்கிறார்.

பதில்: கொத்தனார் போட்டுவிடுவார், அதில் யாரும் ஏற முடியாது. கணக்கு எளிது: 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம். 30 அங்குலத்துக்கு 30 அடி. 9 அடிக்குள் அடக்கினால் வீல்சேர் பின்பக்கமாகச் சாயும், இரண்டு ஆள் பிடித்துத் தள்ள வேண்டி வரும். இறங்கும்போது உட்கார்ந்திருப்பவர் முன்பக்கம் சரிவார். செட்டிநாட்டு ஊர்களில் புதிதாகக் கட்டிய பல சாய்தளங்கள் பைக் ஏற்றத்தான் பயன்படுகின்றன. காரணம் இந்தக் கணக்குதான்.

முன்னால் இடம் இல்லாவிட்டால் பக்கவாட்டில் பாருங்கள். 15 அடி ஏறி, 5 அடி சமதளம், அங்கே திரும்பி மறுபடி 15 அடி. இப்படி மடக்கிக் கட்டினால் சுவரை ஒட்டி நீளத்தில் சுமார் 25 அடி, அகலத்தில் 9 அடி இடம் இருந்தால் போதும். பாதையின் அகலம் 4 அடிக்குக் குறையக் கூடாது. திரும்புகிற இடத்திலும், மேலே கதவுக்கு முன்னாலும், கீழே தொடங்குகிற இடத்திலும் 5 அடிக்கு 5 அடி சமதளம் வேண்டும். கதவுக்கு முன்னால் சமதளம் விடாமல் சரிவிலேயே கதவு வந்தால், ஒரு கையால் கதவைத் திறக்கும்போது வண்டி பின்னால் உருண்டுவிடும்.

மேற்பரப்புக்கு டைல்ஸ் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதிக்கலாம் என்று யாராவது ஆசைப்படுவார்கள். முகப்புக்கு அழகுதான், சரிவில் ஈரம் பட்டால் கக்கத்துக்கட்டை வழுக்கும். கான்கிரீட் இறுகுவதற்கு முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் போதும், பிடிப்பு கிடைக்கும். இரண்டு ஓரத்திலும் 4 அங்குலத்துக்குக் கரை கட்டுங்கள், முன்சக்கரம் நழுவாது. கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும், 2½ அடியில் ஒன்று, 3 அடியில் ஒன்று. உட்கார்ந்தவர் கீழ்க்கம்பியைப் பிடிப்பார், நடப்பவர் மேல்க்கம்பியை. கம்பி சாய்தளம் முடிந்த இடத்தோடு நிற்காமல் 1 அடி தள்ளிப் போக வேண்டும். பார்வையில்லாதவருக்குச் சரிவு முடிந்தது அப்படித்தான் தெரியும்.

கட்டி முடித்த பிறகு கெடுவது கீழ்நுனியில். சாலைக்கும் சாய்தளத்துக்கும் நடுவே 2 அங்குலம் இறக்கம் விழும், அல்லது சாக்கடை மேல் போட்ட கிராதியின் இடைவெளியில் முன்சக்கரம் சிக்கும். கிராதிக் கம்பிகள் போகிற திசைக்குக் குறுக்காக இருக்கட்டும், இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சங்கிலி போட்டுப் பூட்டுவதும், கல்யாணத்தன்று வாழைமரத்தைக் கைப்பிடியில் கட்டி வழியை அடைப்பதும் கமிட்டி கவனிக்க வேண்டிய விஷயம்.

பெயர்ப்பலகை பற்றி ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் இந்த வசதி முன்பே வந்திருக்க வேண்டும். விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து 5 ஆண்டு அவகாசம், அது 2022-லேயே முடிந்துவிட்டது. செய்ய வேண்டியதைத் தாமதமாகச் செய்துவிட்டு ‘உபயம்’ என்று கல் பதிப்பது சற்று உறுத்துகிறது. அவர் பெயரைச் சொன்னால்தான் கமிட்டி அசையும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பலகை கைப்பிடிக்கு வெளியே இருக்கட்டும்.

கான்கிரீட் வேலை படத்திறப்புக்குள் முடியாது. அன்றைக்கு மட்டும் சென்ட்ரிங் பலகையில் தற்காலிகமாகப் போடுங்கள், அதே கணக்குத்தான். படிகளின் மேலேயே ஒரு பலகையைச் சாய்த்து வைக்கிற வேலை மட்டும் கூடாது. மண்டபத்துக்குப் பதில் யாராவது பழைய வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், முதலில் பின்வாசலைப் பாருங்கள். நம் வீடுகள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை ஓடுகின்றன. பின்தெருப் பக்கம் படி குறைவாக இருந்தால் அதுவே வழி. நிலைப்படி 3 அங்குலம் இருந்தால் இரண்டு பக்கமும் 3 அடி நீளத்துக்கு மர ஆப்பு செய்து வையுங்கள். பழைய தேக்கு நிலையை வெட்ட வேண்டியதில்லை. காலையில் முகப்பைக் கழுவிவிடாதீர்கள். கழுவினால் மூன்று மணி நேரம் காயவிடுங்கள். சிவப்புக் கம்பளம் வேண்டாம், வீல்சேரின் முன்சக்கரம் அதைச் சுருட்டிக்கொண்டு நிற்கும்.

படத்தைச் சுவரில் உயர மாட்டாமல், மேசையில் வையுங்கள். வீல்சேரில் இருப்பவரின் கண்மட்டம் 4 அடிக்கும் கீழே. பூப்போட மேசைக்கு முன்னால் 5 அடி காலி இடம் இருக்கட்டும். சைகை மொழி பெயர்ப்பாளர் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இரண்டு பேர் வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருவர் மாறிக்கொள்வார்கள். பேசுபவருக்குப் பக்கத்தில், முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். விளக்கேற்றும்போது மண்டப விளக்கை அணைக்காதீர்கள். மௌன அஞ்சலி முடிந்தது என்பதை மைக்கில் சொன்னால் காது கேளாதவர்களுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் கையால் சொல்லும் வரை அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள்.

பந்தியில், மேசையின் கீழே குறுக்குக் கம்பி இருந்தால் வீல்சேரின் கால்மிதி அதில் இடிக்கும். கம்பி இல்லாத மேசை ஒன்றை வரிசைக் கடைசியில் போட்டு, நாற்காலியை எடுத்துவிடுங்கள். பார்வையில்லாதவருக்குப் பரிமாறுபவர் வைத்துவிட்டுப் போய்விடாமல் வாயால் சொல்ல வேண்டும்: “இலைநுனி உங்க இடப்பக்கம். மேலே இடது ஓரத்துல உப்பு, ஊறுகாய். அதை ஒட்டி வலப்பக்கமா பொரியல், கூட்டு. கீழே நடுவுல சோறு, இப்ப சாம்பார் ஊத்துறேன்.” சூடான பாயசத்தைக் கேட்காமல் கையருகே வைக்கக் கூடாது.

கேள்வி: நான் அவருக்கு மைத்துனன் முறை. பினாங்கில் இருக்கிறேன், மலேசியக் குடிமகன். அவர் பெயரில் 5 லட்சம் ரூபாய் தர விருப்பம். புதிதாக டிரஸ்ட் தொடங்கி ஆண்டுதோறும் 5 பேருக்கு வீல்சேர் கொடுக்கலாமா?

பதில்: பணம் வருகிற வழியை முதலில் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர் தருவது உள்நாட்டு நன்கொடை. நீங்கள் மலேசியக் குடிமகன் என்பதால் உங்கள் பணம் வெளிநாட்டு நன்கொடை; சொந்தக்காரர் என்பதால் டிரஸ்டுக்குத் தருவது மாறிவிடாது. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு அமைப்பு 3 ஆண்டு நடந்திருக்க வேண்டும், 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். நேற்றுத் தொடங்கிய டிரஸ்டுக்குக் கிடைக்காது. அவர் பிள்ளைகள் யாருடைய கணக்கிலாவது போட்டுப் பிறகு டிரஸ்டுக்கு மாற்றுவது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மாட்டிக்கொள்பவர் ஊரில் இருப்பவர். எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் அமைப்பு ஒன்றில் அவர் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள். முதலைத் தொடக்கூடாது, வட்டி எந்த ஊர்களுக்கு, எதற்கு என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எதற்கு என்பது. 6.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 32,500. அதில் 15 சதவீதத்தை முதலோடு சேர்த்துவிட்டால் விலைவாசிக்குக் கொஞ்சமாவது ஈடுகொடுக்கும். மிச்சம் 27,600 சொச்சம். வீல்சேர் வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வீல்சேரை அரசு தருகிறது, கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற அரசு நிறுவனம் நடத்தும் முகாம்களில் கிடைக்கிறது, சங்கங்கள் தருகின்றன. பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. திண்ணையில் துணி காயப்போட்டிருக்கும் வீல்சேரை எந்த ஊரிலும் பார்க்கலாம். சின்னக் கோளாறுதான் இருக்கும்.

மாதம் ஒரு ஞாயிறு, பழக்கமான சைக்கிள் கடைக்காரருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். ஆனால் அவருக்குச் சிலவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பின்சக்கர டயர் பெரும்பாலும் 24 × 1⅜. கடையில் இருக்கும் 24 × 1.75 சைக்கிள் டயரும் 24 தானே என்று எடுப்பார். ரிம் அளவு வேறு. முதலாவதுக்கு 540 மில்லிமீட்டர், இரண்டாவதுக்கு 507. ஏறவே ஏறாது. டயர் பக்கவாட்டில் 37-540 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று வருகிற வண்டியில் முதலில் காற்றைப் பாருங்கள். அந்தப் பிரேக் டயரின் மேல் அழுத்தி நிற்பது, காற்று இறங்கினால் கட்டை டயரைத் தொடாது. காற்றடித்த பிறகும் பிடிக்காவிட்டால்தான் பிரேக்கின் போல்ட்டைத் தளர்த்தி டயர்ப் பக்கமாக நகர்த்த வேண்டும். முன்சக்கரம் இறுகிப்போயிருந்தால் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும். கழற்றி பிளேடால் அறுத்தெடுத்து, பேரிங் கரகரத்தால் மாற்றுங்கள். பல வண்டிகளில் 608 எண் பேரிங்தான், உள்விட்டம் 8 மில்லிமீட்டர்.

கக்கத்துக்கட்டையின் அடி ரப்பர் புஷ் இருப்பதிலேயே மலிவு, அதை மாற்றாததால்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். அடியில் இருக்கும் வளையக் கோடுகள் தேய்ந்து வழவழப்பானால் மாற்ற வேண்டும். குழாயின் வெளிவிட்டத்தை அளந்து அதே அளவில் வாங்குங்கள். தளர்வான புஷ்ஷுக்குள் பேப்பர் மடித்துச் செருகுவது இரண்டு நாள்தான் தாங்கும். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் என்றால் பக்கச் சக்கரங்களின் போல்ட் நட்டுகளை இறுக்கிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

கேள்வி: நினைவு மலர் தயாராகிறது. அவரால் பயன்பெற்ற 200 பேரின் பெயர், படம், போன் எண் போடுகிறோம். வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: சேர்ப்பதற்கு முன் எடுக்க வேண்டியது இருக்கிறது. 200 பேரின் குறைபாடும் போன் எண்ணும் ஒரே இடத்தில் அச்சானால் மோசடிக்காரருக்கு வேறு பட்டியல் வேண்டாம். சம்மதம் எழுதிக் கொடுத்தவர் படத்தை மட்டும் போடுங்கள். சிகிச்சைக்கு முன், பின் என்று குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம். ‘ஊனமுற்றோர்’ என்று முதல் கடிதக்காரரைப் போல இன்னும் பேச்சில் வந்துவிடுகிறது. மலரில் மாற்றுத்திறனாளி என்றே இருக்கட்டும். அதைவிட நல்லது, ஆளின் பெயரையும் அவர் செய்யும் தொழிலையும் எழுதுவது.

பார்வையில்லாதவர்கள் இந்த மலரைப் படிக்க வழி செய்யுங்கள். போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ இரண்டும் தமிழை வாசித்துக் காட்டும், எழுத்து யூனிகோடில் இருந்தால் மட்டும். அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்திருந்தால், கண்ணுக்குத் தமிழ், மென்பொருளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். சோதித்துப் பார்ப்பது சுலபம்: பிடிஎஃப் கோப்பில் ஒரு வரியைத் தொட்டு நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அச்சகத்தாரிடம் யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். படங்களுக்குக் கீழே யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினால் அதையும் போன் வாசிக்கும்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், அவசரமில்லை. அன்று அரசு விழாவும் இருக்கும், வர வேண்டியவர்கள் அங்கே இருப்பார்கள். வேறு நாள் பாருங்கள். தேர்வுக் குழுவில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 31. வீல்சேரில் இருக்கிறேன். 12-ஆம் வகுப்பு முடித்து வீட்டில் தையல். படத்திறப்பில் எங்களை எல்லாம் மேடையில் வரிசையாக உட்காரவைத்து ‘இவர்களுக்கெல்லாம் இனி யார்’ என்று பேசப் போகிறார்களாம். அண்ணன் போல என்னால் மொபெட்டில் அலைய முடியாது. ஆனால் போனில் விண்ணப்பம் போடத் தெரியும். அந்த நோட்டை நான் கேட்டு வாங்கலாமா?

பதில்: மேடை வேண்டாம் என்று இப்போதே கமிட்டிக்குச் சொல்லிவிடுங்கள். பேச விருப்பமிருந்தால் மைக்கைக் கீழே கொண்டுவரச் சொல்லிப் பேசுங்கள்.

நோட்டைக் கேளுங்கள். அவர் மகன் இன்னும் சில நாள்தான் ஊரில் இருக்கிறார். அலைச்சலும் எழுத்து வேலையும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அவர் போனதும் எல்லாம் ஒரேயடியாக நின்றது. எழுத்து வேலையும் காலண்டரும் உங்களிடம் இருக்கட்டும். முகாமுக்குக் கூட்டிப்போக ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும், மாவட்ட அலுவலகத்துக்குப் போய்வர ஓய்வுபெற்றவர் ஒருவரும் போதும். அவர்களுடைய பெட்ரோல், பஸ் செலவுக்கு ஊர்க்கூட்டத்தின் 3 லட்சத்தின் வட்டியைக் கேளுங்கள். நீங்கள் செய்கிற எழுத்து வேலைக்கும் ஒரு தொகை கேளுங்கள், கூச்சம் வேண்டாம். யாருடைய விண்ணப்பத்திலும் உங்கள் போன் எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர்களிடம் போன் இல்லாவிட்டால் வீட்டில் உள்ள ஒருவர் எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நோட்டை மாதம் ஒரு முறை படமெடுத்து இன்னொருவரிடம் வைத்திருங்கள்.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. உங்கள் ஊராட்சி அல்லது பேரூராட்சியில் அந்த இடத்துக்கு விண்ணப்பம் கேட்கும்போது போடுங்கள்.

நோட்டு கைக்கு வந்ததும் முதலில் நிராமயா எடுத்தவர்களின் பெயரைத் தனித்தாளில் எழுதுங்கள். அவர்கள் வீடுகளுக்கு ஜனவரியிலேயே ஆள் அனுப்ப வேண்டும்.